நாடுகள் கைகோத்தால் மட்டும் போதுமா? திருகோணமலையின் வறுமையும் நிவாரணப் பட்டியலும்

திருகோணமலை என்றதும் உலக நாடுகளுக்கு நினைவில் எழுவது அதன் துறைமுகமே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என வந்தவர் எல்லோரும் அதன்மீதே கண் வைத்தனர். நாடு சுதந்திரமடைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1957 இல், பிரித்தானியக் கடற்படை அத்தளத்தைக் கையளித்தது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்கள் தொடர்பாக இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. 99 குதங்களில் 61 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் 49 வீதமும் பங்குகொள்ளும் கூட்டு நிறுவனத்துக்கு உரியனவாயின. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதே விஜயத்தின்போது கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உதவி குறித்தும் இந்தியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது.

துறைமுகம் பற்றிய உடன்படிக்கையும் ஏழைகளுக்கான உதவி பற்றிய உடன்படிக்கையும் ஒரே பயணத்தில் கைச்சாத்தானது தற்செயலானதல்ல. நாடுகளுக்கிடையிலான உதவி எப்போதும் நலன்களோடு சேர்ந்தே வருகிறது. அதனை நாம் குற்றமாகக் கருதவில்லை. உதவி எந்த நோக்கத்தோடு வந்தாலும் பசித்தவன் வயிற்றுக்குச் சோறு போய்ச் சேருமானால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால், அது போய்ச் சேருகின்றதா, சேராவிடின் எந்த இடத்தில் தடைப்படுகின்றது என்பதையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

2012 ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இருவர் முஸ்லிம்கள், பத்தில் மூவர் தமிழர்கள், எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் சிங்களவர்கள். குச்சவெளி முதல் வெருகல் வரையான கரையோரத்தில் மீன்பிடியும், தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில பகுதிகளில் நெற்செய்கையும், எங்கும் நாட்கூலியும் பிழைப்பு வழிகளாக உள்ளன. மூன்று இனத்தவரும் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வந்த நிவாரணம் அடுத்த கிராமத்துக்கு வராவிடின் அது வெறும் நிர்வாகத் தவறாகக் கொள்ளப்படுவதில்லை. இனப் பாகுபாடாகவே கொள்ளப்படுகின்றது. நிவாரணப் பங்கீட்டில் ஏற்படும் பிழைக்கு இங்கு இரட்டை விலை கொடுக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

கூப்பன் அரிசியிலிருந்து பட்டியல் வரை

வறியோருக்கான அரச உதவியில் நாடுகள் ஒத்துழைப்பது புதிய விடயமன்று. உலகப் போர்க் காலத்தில், 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, கூப்பன் அரிசியாக ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது. அந்த அரிசியைத் தேடிக்கொள்வதற்காகவே 1952 இல் இலங்கை சீனாவுடன் இறப்பர் - அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. ஆண்டுதோறும் 50 ஆயிரம் தொன் இறப்பருக்குப் பதிலாக 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசி என்பது அதன் ஏற்பாடு. அடுத்த ஆண்டிலேயே கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வறியோருக்கான உதவி, அரசுகளின் ஆயுளையே தீர்மானிக்கும் விடயமாக இருந்தது.

இதில் திருகோணமலைக்கும் ஓர் இடமுண்டு. வெளிநாடுகள் உதவியாகவும் சலுகைக் கடனாகவும் வழங்கிய கோதுமையை மாவாக்குவதற்கு சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்துடன் 1977 இல் உடன்படிக்கை செய்யப்பட்டு, சீனக்குடாவில் அமைந்த ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. கோதுமையை அரசாங்கம் கொடுக்கும். ஆலை மாவைத் திருப்பிக் கொடுத்துத் தவிட்டைத் தன் கூலியாக வைத்துக்கொள்ளும். நாடெங்கும் ஏழைகள் உண்ட பாணுக்கும் ரொட்டிக்கும் இந்தக் குடாவிலிருந்தே மா சென்றது.

கூப்பன் காலத்துக்கு ஒரு சிறப்பு இருந்தது. பங்கீடு பெரும்பாலும் எல்லோருக்கும் உரியதாக இருந்தபடியால் “ஏழை யார்?” என்ற கேள்வி எழவில்லை. 1978 இல் பங்கீடு குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டு, 1979 இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டபோதே அந்தக் கேள்வி பிறந்தது. அதன் பின்னர் 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. ஆனால், பெயர் இருந்தால் உதவி, பெயர் இல்லாவிடின் ஒன்றுமில்லை என்ற பட்டியல் முறை மாறவில்லை. சீனாவோ, இந்தியாவோ, உலக வங்கியோ எவ்வளவு கொடுத்தாலும் அது இறுதியில் இந்தப் பட்டியலின் வழியாகவே ஏழையின் கைக்கு வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி, பட்டியல்தான்.

உதவி பயணம் செய்யும் வழி

ஒரு வெளிநாட்டு உதவி, மூதூரில் உள்ள ஒரு விதவைத் தாயின் கைக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். முதலில் கொடுக்கும் நாடு அல்லது நிறுவனம், கொழும்பில் உள்ள திறைசேரியுடன் உடன்படிக்கை செய்கிறது. திறைசேரி ஓர் அமைச்சுக்கு அல்லது சபைக்கு நிதியை ஒதுக்குகிறது. அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களுக்கும் பணிப்புரை செல்கிறது. இறுதியில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் பெயர்கள் பட்டியலாகின்றன. வங்கிக் கணக்குக்குப் பணம் வருகின்றது. கொடுப்பவர் பேசுவது திறைசேரியுடன். பெறுபவர் பேசுவது கிராம உத்தியோகத்தருடன். இவ்விருவருக்கும் இடையில் நேரடி உறவு கிடையாது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. அதுதான் மாகாணம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி சமூக சேவைகள் மாகாணத்துக்குரிய விடயம். நம் மக்கள் “பிச்சைச் சம்பளம்” என்று அழைத்துவந்த பொதுசன மாதாந்த உதவிப் பணத்தை மாகாண சமூக சேவைகள் திணைக்களமே வழங்கிவந்தது. ஆனால், பெரிய நிதியும் பெரிய திட்டங்களும் மத்தியிடமே இருந்தன. 2012 இல் சமுர்த்தி அதிகாரசபை உள்ளிட்ட நிறுவனங்களை இணைக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது, அது மாகாண அதிகாரங்களைத் தொடுவதால் எல்லா மாகாண சபைகளின் இணக்கமும் வேண்டும் என உயர் நீதிமன்றம் கூறியது. கிழக்கு மாகாண சபை 2012 ஒக்டோபரில் அதற்கு இணங்கியது. சபையே இல்லாத வடக்கில் ஆளுநரின் இணக்கம் போதாது என நீதிமன்றம் தெரிவித்தது. அதனைத் தொடர்ந்த முரண்பாடு, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்படும் வரை சென்றது. வறியோருக்கு உதவும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி ஒரு நாட்டின் நீதித்துறையையே உலுக்கியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படாமல், மக்களால் தெரிவுசெய்யப்படாத நிர்வாகமே நடைபெற்றது.

கடற்கோளும் பொதுக்கட்டமைப்பும்

நாடுகளின் ஒத்துழைப்பு எவ்வளவு விரைவாக வர முடியும் என்பதையும், எவ்வளவு விரைவாகச் சிக்கிக்கொள்ள முடியும் என்பதையும் ஒருங்கே காட்டியது 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய கடற்கோள். கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. மூதூர், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை எனக் கரையோரம் முழுவதும் மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்தனர். உலக உணவுத் திட்டம் உணவைக் கொடுத்தது. உலக வங்கி போன்றவற்றின் நிதியுடன் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா காசு வழங்கப்பட்டது. ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான நிவாரணத்தில் ஒரு பகுதி பணமாகவும் மறுபகுதி உணவாகவும் கிடைத்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா என அறிவிக்கப்பட்டது. குறைகள் இருந்தபோதிலும், பட்டினிச் சாவு நேராமல் காத்தது இந்த ஒத்துழைப்புத்தான் என்பதை மறுப்பதற்கில்லை.

நீண்டகால மீள்கட்டுமானத்துக்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 ஆம் திகதி பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பிராந்தியக் குழுவில் முஸ்லிம்களுக்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயினும் உடன்படிக்கையில் முஸ்லிம்கள் ஒரு தரப்பாகக் கைச்சாத்திடவில்லை. கடற்கோளினால் கிழக்கில் பேரிழப்பைச் சந்தித்த ஒரு சமூகத்தை வாசலில் நிறுத்திவிட்டு அவர்களுக்கான பங்கு பற்றி உள்ளே பேசியதாகவே முஸ்லிம்கள் உணர்ந்தனர். அந்த உணர்வு நியாயமற்றதென எவரும் கூறிவிட முடியாது. மறுபுறத்தில் மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. ஜூலை 15 ஆம் திகதி உயர் நீதிமன்றம், பிராந்திய நிதியம் உள்ளிட்ட சில முக்கிய அம்சங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உலக நாடுகள் வாக்களித்த நிதியை வடக்கு கிழக்கில் மூவினத்தவரும் சேர்ந்து பங்கிடுவதற்கான பொறிமுறை, இயங்கத் தொடங்கும் முன்னரே நின்றுபோனது.

அதே கடற்கோளில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் போர் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் 2005 ஏப்ரலில் மீள்கட்டுமானத்துக்கென ஒரு தனி முகவரகத்தை அமைத்து, அதன் தலைமையகத்தை ஜக்கார்த்தாவில் அன்றி பண்டா ஆச்சேயிலேயே வைத்தார்கள். பல நாடுகளின் நிதி ஒரே பொதுநிதியத்தில் சேர்க்கப்பட்டது. ஓகஸ்ட் 15 ஆம் திகதி ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கையும் கைச்சாத்தானது. அங்கு கடற்கோள் சமாதானத்துக்கு வழி திறந்தது; இங்கு அது புதிய பிணக்கானது. பணம் இரண்டு இடத்துக்கும்தான் வந்தது. அதனைப் பங்கிடும் இடத்தில் யார் யார் அமர்வது என்பதிலேயே வேறுபாடு இருந்தது.

ஓராண்டுக்குள் இம்மாவட்டத்தின்மீது போர் மீண்டும் கவிந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாகக் கந்தளாயை நோக்கி நடந்தனர். மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சிதறினர். அதே மாதம் 4 ஆம் திகதி, மூதூரில் பட்டினிக்கெதிரான அமைப்பின் உள்நாட்டுப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர்கள், ஒரு முஸ்லிம். உதவி செய்யப் போனவர்களே உயிரிழந்த அந்தச் சம்பவத்துக்கு நீதி கிடைக்காதமை, இம்மாவட்டத்தின் நிவாரண வரலாற்றில் ஆறாத காயமாகும்.

ஒரு கை கொடுத்ததை மறு கை குறைப்பதா?

சம்பூர் மக்களின் கதை நாடுகளின் ஒத்துழைப்பின் இரு முகங்களையும் காட்டுகிறது. அவர்கள் இடம்பெயர்ந்த அதே ஆண்டின் டிசெம்பரில் அப்பகுதியில் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் சேர்ந்து நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் உலருணவை நம்பி ஆண்டுக்கணக்கில் இருந்தனர். முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் காணியை மக்களிடம் திருப்பிக் கொடுக்கும் முடிவு 2015 இலேயே வந்தது. நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய சக்தி மின்திட்டத்தின் பணிகளை இரு நாட்டுத் தலைவர்களும் தொடக்கி வைத்தனர். காணி கையில் இருந்திருந்தால் தாமே உழைத்து உண்டிருக்கக்கூடிய மக்களை நிவாரணத்துக்குக் கையேந்த வைத்ததும் ஓர் அரச ஒத்துழைப்பே என்பதைக் கவலையுடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

இதே இந்தியாதான் போருக்குப் பின்னர் 50 ஆயிரம் வீடுகளையும் தந்தது. 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி வடக்கு, கிழக்கில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்ட கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே செலுத்தப்பட்டது. தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, ஒப்பந்தகாரரிடம் விடுவதைவிடச் சிறந்தது என்பதே எமது கருத்து. ஆனால், இந்த வீடே பின்னர் ஒரு சிக்கலாகவும் ஆகலாம்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் நாட்டின் வறுமை இரட்டிப்பாகி, சனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறியவரானதாக உலக வங்கி மதிப்பிட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. சமூகப் பாதுகாப்புச் செலவு ஒரு குறித்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அதே ஆண்டு ஜூனில் உலக வங்கி சமூகப் பாதுகாப்புக்கென 20 கோடி டொலரை அனுமதித்தது. 2002 ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அஸ்வெசும 2023 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிலைமாறும் குடும்பங்களுக்கு 2,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களுக்கு 5,000, வறிய குடும்பங்களுக்கு 8,500, மிக வறிய குடும்பங்களுக்கு 15,000 ரூபா என நான்கு பிரிவுகள் வகுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் பின்னைய இரண்டும் முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

அரசியல்வாதியின் சிபாரிசுக்குப் பதிலாக அளவுகோலால் ஏழையைக் கண்டறிவது இத்திட்டத்தின் நோக்கம். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. நோக்கம் நல்லதே. சமுர்த்திப் பட்டியல்கள் கட்சிப் பட்டியல்களாக மாறியிருந்தமை யாவரும் அறிந்தது. ஆனால், முதற் பட்டியல் வெளிவந்தபோது நாடெங்கிலும் இருந்து இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் ஒரு வீட்டைப் பார்க்கிறது. அந்த வீடு எப்படி வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. இந்திய உதவியில் கட்டிய கல்வீட்டில், கணவனை இழந்து கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய், சுவரையும் கூரையையும் கொண்டு அளக்கப்படும்போது வசதியுள்ளவராகத் தோன்றக்கூடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து மாதக்கணக்கில் தொழிலின்றி இருக்கும் மீனவக் குடும்பம், மீன் படும் மாதத்தில் கணக்கெடுக்கப்பட்டால் வறியதாகத் தோன்றாது. ஒரு நாடு வலக்கையால் கொடுத்ததை மற்றொரு நிறுவனத்தின் நிதியில் இயங்கும் திட்டம் இடக்கையால் குறைத்துவிடும் நிலை இது. இதில் எவரது கெட்ட எண்ணமும் இல்லை. இரு உதவிகளும் ஒன்றையொன்று அறியாமையே காரணம்.

கடலுக்கு அப்பாலும் இதே பிரச்சினை உண்டு. 1990 இலும் 2006 இலும் திருகோணமலையிலிருந்து படகேறி இராமேசுவரம் சென்ற குடும்பங்கள் பல. தமிழகத்தின் முகாம்களில் அவர்களுக்கு மாதாந்த உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதனைத் தமிழக அரசு முதலில் செலவிட்டு, பின்னர் இந்திய மத்திய அரசிடமிருந்து மீளப் பெறுவதே வழமையான ஏற்பாடு. 2021 ஓகஸ்டில் குடும்பத் தலைவருக்கான தொகை 1,000 இலிருந்து 1,500 இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு மாநிலமும் மத்தியும் செலவைப் பகிர்ந்துகொண்டு, வேற்று நாட்டு ஏழைக்கு மூன்று தசாப்தங்களுக்கு மேலாகச் சோறிட்ட இவ்வேற்பாடு உலகில் அரிது. ஆனால், அந்தக் குடும்பம் தாயகம் திரும்பினால் அங்கிருந்த அட்டைக்கு இங்கு மதிப்பில்லை. இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவுசெய்து, குடியுரிமையை உறுதிப்படுத்தி, அடையாள அட்டை பெற்று, பட்டியலில் பெயர் ஏறும் வரை அக்குடும்பம் எந்த அரசுக்கும் உரியதாக இருப்பதில்லை.

தமிழகம் காட்டிய மற்றொரு முன்மாதிரியையும் நாம் குறிப்பிட வேண்டும். 2022 இன் நெருக்கடியில், முதலில் இலங்கைத் தமிழருக்கு உதவுவதாகவே தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தமக்கு மட்டும் எனப் பிரித்து அனுப்ப வேண்டாம் என்ற கோரிக்கை இலங்கைத் தமிழரிடமிருந்தே எழுந்தது. 2022 ஏப்ரல் 29 ஆம் திகதி தமிழகச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 40 ஆயிரம் தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் என்பன எல்லா மக்களுக்குமாக அனுப்ப முடிவாயிற்று. வெளிநாட்டுக்கு உதவ ஒரு மாநிலத்துக்கு நேரடி அதிகாரம் இல்லாதபடியால் இந்திய மத்திய அரசின் அனுமதியோடு மே மாதத்தில் முதற் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. பொதுக்கட்டமைப்பில் 2005 இல் நாம் கற்கத் தவறிய பாடத்தை 2022 இல் நம் மக்களே கற்பித்தார்கள் எனலாம்.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் கூறுவது கொடுக்கும் நாடுகளைக் குறை காண்பதற்காக அல்ல. நாடுகள் ஒத்துழைக்கும் இடம் உடன்படிக்கை மேசையோடு முடிந்துவிடுகிறது. அது பட்டியல் வரை வர வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அளக்கும் கோல் பிழையாயிருப்பின் அளந்தும் பயனில்லை.

முதலாவதாக, பட்டியலும் அதிலிருந்து நீக்கப்பட்டதற்கான காரணமும் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் மக்களின் மொழியிலேயே அறிவிக்கப்பட வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்குப் புரியாத மொழியில் வரும் மறுப்புக் கடிதம் மேன்முறையீட்டு உரிமையையே இல்லாமற் செய்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் தம் விண்ணப்பத்துக்கு நேர்ந்ததைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அக்கோரிக்கை மீது முடிவெடுக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை. எமது வாசகர்கள், குறிப்பாகப் படித்த இளைஞர்கள், அயலில் உள்ள எழுதத் தெரியாத முதியோருக்காக இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது பெரும் புண்ணியமும் நன்மையுமாகும்.

இரண்டாவதாக, வெளிநாட்டு உதவியில் கிடைத்த வீட்டை ஒரு குடும்பத்தின் வசதிக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. கணவர் காணாமற்போன குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் கேட்கக் கூடாது. அத்தகைய குடும்பங்களுக்கெனச் சட்டத்தில் 2016 முதல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் உண்டு. அது எல்லா அலுவலகங்களிலும் தயக்கமின்றி ஏற்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மேன்முறையீடுகளை விசாரிக்கும்போது அந்தந்தப் பிரதேசத்தின் ஆலய, பள்ளிவாசல், விகாரை நிர்வாகங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் பார்வையாளர்களாகவேனும் இருத்தல் வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உத்தியோகத்தரிடமே இருக்கட்டும்; ஆனால் அந்த முடிவு மூவினத்தவரின் கண்முன்னே எடுக்கப்படட்டும்.

நான்காவதாக, கிழக்குக்கென வரும் வெளிநாட்டு நன்கொடைகளின் உடன்படிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். மாகாண சபை மக்கள் பிரதிநிதிகளோடு இயங்க வேண்டும். தமிழக முகாம்களிலிருந்து திரும்புவோரின் பதிவுகளை இரு அரசுகளும் பகிர்ந்துகொண்டு, அவர்கள் வந்திறங்கும் நாளிலிருந்தே நிவாரணத்துக்கு உரித்துடையோராக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சூறையாடியபோது மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பகுதிகளையும் மூழ்கடித்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளின் உதவி உடனே வந்தது. அடுத்த அனர்த்தத்திலும் வரும். எமது துறைமுகத்தின் முக்கியத்துவம் உள்ளவரை அந்த ஒத்துழைப்புக்குக் குறைவிராது. ஆனால், கப்பல் துறைக்கு வருவதும் உதவி வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல.

இறுதியாக, எமது தமிழ், முஸ்லிம் வாசகர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்கிறோம். பட்டியல் வெளியாகும்போது நம் ஊருக்கு எத்தனை, அவர்கள் ஊருக்கு எத்தனை என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கிண்ணியாவில் ஓர் ஏழையின் பெயர் விடுபட்டால் அதனால் தம்பலகாமத்து ஏழைக்கு ஒரு சதமும் கூடிவிடப் போவதில்லை. பிழையான பட்டியல் இரு ஊரையும் ஒரே விதமாகவே வஞ்சிக்கிறது. அதனைத் திருத்தச் செல்லும்போது இரு ஊராரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுப் பிரதேச செயலகத்தின் வாசலுக்குச் சென்றால், அதனைத் தட்டிக்கழிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாக இராது. நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னர், அயல்வீட்டார் ஒத்துழைப்பது நம் கையிலேயே உள்ளது.